மீரான் சாயபுவைத் தூக்குவது

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால், வழியில் உள்ள சுவர்களையெல்லாம் படித்துக்கொண்டு போவது என் பழக்கம். அறுபத்தாறாம் வருஷம், ஆலப்பாக்கம் தாண்டி, ஒரு வீட்டுச் சுவரில் நீல மசியில் எழுதியிருந்தது: 'தேகப்பயிற்சி. சிதம்பரம் கலியமூர்த்தி வாத்தியார். கூச்சமுள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து தனியாகவும் கற்பிக்கப்படும்.'

பஸ் போய்விட்டது. அந்தக் கூச்சமுள்ளவர் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். யார் ஐயா நீர்? தண்டால் எடுக்கத் தெரியாது என்பதைப் பத்துப் பேர் நடுவில் ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறீரே, அப்படியும் எடுத்தே தீரவேண்டும் என்று உமக்கு என்ன வந்தது? சிதம்பரத்தில் அவரும் என்னோடேயே இறங்கினார்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

'இருபது வயதுப் பழனிவேல் கண்ணாடி முன்னால் நின்று தன் புஜத்தைத் —'

அடித்துவிட்டேன். பையன் போலீஸ் வேலைக்குப் போவான், மார்பளவு போதாது, வாத்தியார் தேற்றிவிடுவார். எழுதுகிற எனக்கே கொட்டாவி வருகிறது. அடுத்தது:

'மஞ்சக்குப்பத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தும் கிபாயத்துல்லாவுக்கு, நாற்பத்தோரு வயதில், திடீரென்று —'

இந்தத் 'திடீரென்று' பொய். கிபாயத்துல்லா எதையும் திடீரென்று செய்கிற ஆள் இல்லை. குடை எடுப்பதற்கு முன்னால் வானத்தை இரண்டு முறை பார்ப்பான். எடுத்த பிறகு ஒரு முறை பார்ப்பான். ஆகவே வாக்கியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளை வைத்துக்கொண்டேன்.

ஒல்லி. தோள் இரண்டும் சட்டைக்குள் எங்கே இருக்கின்றன என்று தேடவேண்டும். விரல்கள் மட்டும் இரும்பு. பயந்து பயந்து வருகிற புது மாணவர்களைத் தட்டிக்கொடுத்துப் பழக்குவதில் அவனுக்கு நல்ல பெயர். கட்டையை அமுக்கியபடியே விரலை எடுக்காமல் வைத்திருக்கும் புஷ்பவள்ளி என்ற பெண்ணிடம் தினமும் சொல்வான்: "அமுக்கிட்டு வுட்டுடணும்மா. புடிச்சிக்கிட்டே இருந்தா அடுத்த எழுத்து எப்படி வரும்?"

(இதை ஏன் இங்கே எழுதினேன் என்று எனக்கே அப்போது தெரியாது. அடிக்க மனசு வரவில்லை, இருக்கட்டும்.)

3

சரி, இவனுக்கு எதற்கு உடம்பு? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எனக்கு நாளாயிற்று. கிடைத்ததும், ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

போன வருஷம் அவனுடைய தாய்மாமன் இறந்துபோனார். மையத்தை, அதாவது உடலை, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் ஏற்றி, கலிமா சொல்லிக்கொண்டு அடக்கம் செய்யக் கபர்ஸ்தானுக்கு நடந்தார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. சந்தூக் வாசலைத் தாண்டியதும் தெருவே தோள் கொடுக்க வரும். பின்னாலிருந்து ஒரு கை முதுகைத் தொட்டால், சுமப்பவர் விலகி இடம் விடவேண்டும். நாலடி சுமந்தாலும் நன்மை. அதில் எல்லாருக்கும் பங்கு. கடைசி வரை ஒரே ஆளாக யாரும் சுமப்பதில்லை.

கிபாயத்துல்லா முன்பக்க வலது முனையைப் பிடித்தவன், விடவில்லை. ஒரு கை தொட்டது, நகரவில்லை. இன்னொரு கை தொட்டது, பல்லைக் கடித்துக்கொண்டான். நோஞ்சான் என்று ஊர் சொல்வதற்கெல்லாம் அன்றைக்கே பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது. கடைத்தெரு முனையில் முழங்கால் மடங்கியது. சந்தூக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாமன் மகன் அப்துல் வதூது பாய்ந்து பிடித்திராவிட்டால் —

இந்த வாக்கியத்தை முடிக்க நான் தயாரில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அப்துல் வதூது சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னான்: "மச்சான், தப்பா எடுத்துக்காத. நாளைக்கி மாமாவுக்கு ஒண்ணுன்னா நீ முன்னால வராத. பின்னால நடந்து வந்தாப் போதும்."

அவன் மாமா என்றது கிபாயத்துல்லாவின் அத்தா மீரான் சாயபுவை. கிபாயத்துல்லா அவருக்கு ஒரே பிள்ளை. இந்த ரமலானுக்குப் பிறகு அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கூடத்துக் கட்டிலோடு கிடக்கிறார். பெற்ற தகப்பனை முன்னால் நின்று சுமக்க முடியாமல், ஊர்வலத்தின் வாலில் நடந்து போவதை அவன் தினமும் மனசுக்குள் பார்த்தான்.

ஆக, கூச்சம் தண்டாலைப் பற்றியது அல்ல. உயிரோடு இருக்கிற தகப்பனைத் தூக்கிப் புதைப்பதற்கு ஆள் வைத்துப் பழகுவது என்றால் எந்த மனுஷனுக்குத்தான் கூச்சமாக இருக்காது?

4

கடலூரில் தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கே போனான். கலியமூர்த்தியின் பயிற்சிச் சாலை கீழவீதிக்குப் பின்னால் ஒரு கீற்றுக் கொட்டகை. உள்ளே மணல் தரை, கர்லாக்கட்டைகள், வேர்வை வாடை.

கலியமூர்த்திக்கு முதல் பிரதியில் முறுக்கு மீசை வைத்திருந்தேன்.* எடுத்துவிட்டேன். இப்போது அவன் இருபத்தெட்டு வயது ஆள். தன்னைவிட மூத்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கொஞ்சம் தயங்குகிறவன். அந்தச் சுவர் விளம்பரத்தைப் பார்த்து வந்த முதல் ஆள் கிபாயத்துல்லாதான். அவனுக்கும் உள்ளுக்குள் உதறல்.

* மீசை இருந்தபோது அவன் என்னைப் பேசவே விடவில்லை. எல்லாம் தெரிந்தவன் போல நின்றான். எனக்கு எல்லாம் தெரிந்த வாத்தியார் தேவைப்படவில்லை.

"எதுக்கு சார் திடீர்னு?" என்றான் கலியமூர்த்தி.

"சும்மாதான். டாக்டரு சொன்னாரு."

"என்னான்னு சொன்னாரு?"

"பசி எடுக்கலன்னு..."

"சரி, ஒரு தண்டால் எடுங்க, பாப்போம்."

கிபாயத்துல்லா கையை ஊன்றி இறங்கினான். ஏறவில்லை. மணலில் குப்புறக் கிடந்தபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். முகம் பார்க்கவேண்டிய அவசியம் இல்லாததாலோ என்னவோ, அங்கேயே படுத்தபடி உண்மையைச் சொல்லிவிட்டான்.

"எங்கத்தாவத் தூக்கணும் வாத்தியாரே. அவுங்க மவுத்தாயிட்டாங்கன்னா, சந்தூக்குல."

கலியமூர்த்தி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "இப்ப எப்படி இருக்காரு?"

"படுத்துருக்காங்க. பேசறாங்க. சாப்புடறாங்க."

"எடை எவ்ளோ இருப்பாரு?"

"தெரியலியே."

"தோராயமா சொல்லுங்க சார். தூக்கிப் பாத்துருப்பீங்க இல்ல?"

கிபாயத்துல்லா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். கலியமூர்த்தி கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டான்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. நான் வூட்டுக்கு வந்து ஒங்களுக்கு பஸ்கி சொல்லிக்குடுக்கறப்ப அவரு பாத்துக்கிட்டுத்தான இருப்பாரு? எதுக்குன்னு கேட்டா நான் என்னா சொல்றது?"

"நான் யோசிச்சி சொல்றேன்."

"வெலாசம் குடுத்துட்டுப் போங்க. வர்ற ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுல வரேன். வேணாம்னா வாசல்லயே சொல்லிடுங்க. திரும்பிப் போயிடறேன், வருத்தம் ஒண்ணும் இல்ல."

5

அந்த வாரம் முழுக்க அவன் முடிவெடுத்தான். காலையில் வாத்தியாரை வைத்துக்கொள்வது என்று ஒரு முடிவு. சாயந்திரம் வேண்டவே வேண்டாம் என்று ஒரு முடிவு. இன்ஸ்டிட்யூட்டில் புஷ்பவள்ளி எழுத்தை அப்பிவைத்திருப்பதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துபோனான்.

வீட்டில் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் கண் தானாக அத்தாவின் மேல் போனது. நெஞ்சுக்கூடு, தொடை, பாதம். எவ்வளவு இருப்பார்? ஒரு அரிசி மூட்டை? அதற்கும் குறைவா? மீரான் சாயபு அதைக் கவனித்துவிட்டு, இழுத்துக்கொண்ட வாயால் சிரித்தார்.

"என்னாடா, கசாப்புக் கடைக்காரன் ஆட்டப் பாக்கற மாரி பாக்கற?"

அவனுக்கு அவமானமாக இருந்தது. எனக்கும்தான்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) வாத்தியாரை வைத்துக்கொள்கிறான். ஆறு மாதத்தில் தோள் திரண்டுவிடுகிறது. அத்தா மவுத்தாகிறார். முன்பக்க வலது முனையைப் பிடித்து, கபர்ஸ்தான் வரை அசையாமல் போகிறான். அப்துல் வதூது தலைகுனிகிறான்.

படித்துப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பயிற்சி பலிக்கவேண்டும் என்பதற்காக நானே ஒரு மனுஷனைக் கொன்றிருக்கிறேன். கிபாயத்துல்லாவின் கூச்சம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கிழித்துவிட்டேன்.

ஆ) வேண்டாம் என்று விட்டுவிடுகிறான். மீரான் சாயபு குணமாகி, ஜும்மாவுக்குத் தன் காலால் நடந்து —

இதை அவருக்கு மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரே நம்பமாட்டார்.

இ) சனிக்கிழமை சாயந்திரம். 'மனைவி ரசியா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கிபாயத்துல்லா அத்தாவைப் பார்த்தபடி —'

ரசியா போகவில்லை. நான் அவளைப் போகச் சொல்லித்தான் எழுதினேன். டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு வாரமா என்னா யோசன?" என்றாள்.

சொன்னான். கடைத்தெருவில் முழங்கால் மடங்கியது, அப்துல் வதூது சொன்னது, சிதம்பரம், மணல், நாளைக் காலை முதல் பஸ் எல்லாம். அத்தா கண்ணயர்ந்திருந்தார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மாமாவத் தெனம் கொல்லைக்கு யாரு கொண்டு போறாங்கன்னு நெனச்சீங்க?"

அவன் கட்டிலைப் பார்த்தான்.

"நீங்க அஞ்சரைக்கே சாவிய எடுத்துக்கிட்டு கெளம்பிடறீங்க. தூக்கி உக்கார வெக்கணும். எழுப்பி நிறுத்தி, என் மேல சாச்சிக்கிட்டு கொண்டு போவணும். கழுவி உட்டு திரும்பக் கொண்டாந்து படுக்க வெக்கணும். எனக்கு எந்த ஊரு வாத்தியாரு பஸ்ஸு ஏறி வந்து சொல்லிக்குடுத்தாரு?"

"நீ சொல்லவே இல்லியே ரசியா."

"நீங்க கேக்கவே இல்லியே."

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கி நீங்கள்லாம் சந்தூக்க தூக்கிக்கிட்டுப் போயிடுவீங்க. எவ்ளோ தூரம் வேணா போலாம். பொம்பள நான் வாசப்படியோட நின்னுடணும். அதுக்கு நான் யாருகிட்ட போயி பழகறது?"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். சுவர் எழுதினேன், பஸ் எழுதினேன், இல்லாத மீசைக்கு அடிக்குறிப்பு எழுதினேன். கட்டிலில் கிடக்கிறவர் காலைக்கடனுக்கு எப்படிப் போகிறார் என்று ஒரு வரிகூட யோசிக்கவில்லை. இந்தப் பெண்ணை டீ போடுவதற்காக மட்டும் கதைக்குள் கூப்பிட்டிருந்தேன். (முந்தைய பிரதிகளில் அவளுக்குப் பெயரே கிடையாது.)

7

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. இன்ஸ்டிட்யூட் லீவு. மீரான் சாயபு கண்ணைத் திறந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் மகன் நின்றிருந்தான்.

"ரசியா எங்கடா?"

"நான் தூக்கறேன் அத்தா."

"நீயா?" பெரியவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஒன் மாமன சாய்ச்ச மாரி என்னையும் சாய்ச்சிடாத. அவரு ஒண்ணும் சொல்லல. நான் கத்துவேன்."

ரசியா வாசற்கதவோரம் நின்றுகொண்டு பேசினாள். "கழுத்துல கைய குடுக்காதீங்க. முதுகுக்குக் கீழ வுடுங்க. மூச்சப் புடிச்சிக்காதீங்க, பேசிக்கிட்டே தூக்குங்க. மாமா, நீங்க அவுரு தோளப் புடிச்சிக்குங்க."

கையைக் கொடுத்தான். அவன் ஒரு வாரமாகக் கண்ணால் போட்ட எடை எதுவும் சரியாக இல்லை. இடது பக்கம் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. விழுந்துபோன வலது பக்கம் அத்தனை கனம். நல்ல கை அவன் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டது. அத்தாவின் மூச்சு கன்னத்தில் சுட்டது. சின்ன வயதுக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் அவரை அவன் பார்த்ததில்லை. அழுகை வந்தது, அழுதால் பிடி நழுவும் என்று அடக்கிக்கொண்டான்.

அப்போது வெளியே ஒரு குரல்.

"சார்! டைப்ரைட்டிங் சார்! சிதம்பரத்துலேருந்து வரேன்!"

"யாருடா அது?" என்றார் மீரான் சாயபு, மகனின் காதோடு.

ரசியா கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். "என்னா சொல்லட்டும்?"

கிபாயத்துல்லா வாயைத் திறக்கிறான். கலியமூர்த்தி வாசலில் நிற்கிறான். வரச் சொன்னால் வருவான், வேண்டாம் என்றால் வருத்தமில்லாமல் திரும்புவான். மீரான் சாயபுவின் பாதம் இன்னும் தரையில் படவில்லை. அவருக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். பொய்யா நிஜமா என்று நான் தீர்மானிக்கவில்லை.

கட்டிலுக்கும் தரைக்கும் நடுவில் பெரியவரை ரொம்ப நேரம் இப்படி நிறுத்திவைக்க முடியாது. சுவரிலிருந்து இந்தக் கூடம் வரை நான் கொண்டுவந்துவிட்டேன். இனியும் விடமாட்டேன் என்று பல்லைக் கடித்தால் என்ன ஆகும் என்று மூன்றாம் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன்.

பின்னாலிருந்து என் முதுகைத் தொடுங்கள், விலகிக்கொள்கிறேன். பார்த்து, வலது பக்கம் கனம் ஜாஸ்தி.