மழைக்கும் நிற்கும் டயர்

"இந்த டயர் மழையில வழுக்காம நிக்குமாம்மா?" கடையில் என் ஆறு வயது மகள் டெசா கேட்டாள். பந்தயத்துக்காக நான் தொட்டுப் பார்த்தது, வெயிலில் பசைபோல் ஒட்டும் ரகம். ஆனால் அவளைப் பள்ளிக்குக் கொண்டுபோவதும் அதே கார்தான். ஒரு வாரம் தவித்துவிட்டு, மழைக்கும் நிற்கிற டயரையே வாங்கினேன்.

ஞாயிறன்று நெப்ராஸ்கா பந்தயத் திடலில், என்னோடு போட்டியிடும் லோவல் சீண்டினான்.

"என்ன வில்லா, ஸ்கூல் பஸ் டயரா?"

"பஸ்தான்டா உன்னை முந்தப்போகுது!"

ஒவ்வொருவராக ஓட்டி நேரம் கணக்கிடும் போட்டி அது; கடைசி ஓட்டம் பாக்கி. நான் அவனைவிட அரை நொடி முன்னால் இருந்தேன்.

வழியில் நின்றுபோன ஒரு காரைத் தள்ள லோவலும் மற்றவர்களும் ஓடினார்கள். அவனுடைய டயர்கள் கொதித்துக் கிடந்தன, அளவுக்கு மீறிச் சூடேறினால் வழுக்கும். போன மாதம் நான் டெசாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனபோது, என் டயர்களுக்குத் தண்ணீர் தெளித்துக் குளிரவைத்துவிட்டு அதைச் சொல்லாமலே இருந்தவன் அவன். கடவுளே என்று தெளிப்பானை எடுத்து, அவனுடைய டயர்கள் நான்கும் குளிரும்வரை தெளித்தேன். அவர்கள் திரும்புவதற்குள் என் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.