வெர்போவ்னாவில் ஒரு கல்

மூன்றாம் முறையும் லைன் அறுந்தது. டெலிபோன் ஆபீசின் கண்ணாடிக் கூண்டுக்குள் கமலேஸ்வரி ரிசீவரை விடாமல் பிடித்தபடி நின்றாள். முந்தைய நாள் மதியம் ஜெபல் அலித் துறைமுகத்தில் டியூட்டி முடித்து வந்த அவள் கணவர் மிலோராட், சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் நிமிரவேயில்லை.

"விடுங்கோ அக்கா," என்றான் அல் ஐனிலிருந்து ஓடி வந்த தம்பி யோகநாதன். "அத்தானை இங்கயே அடக்குவம். அவற்ற ஊரில, முகம் தெரியாத சனத்துக்குள்ள தனியப் போய் என்ன செய்வியள்?"

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. லீவு வந்தால் அவர் செர்பியாவுக்கும் அவள் யாழ்ப்பாணத்துக்குமாகப் பிரிந்துதான் போவார்கள். வெர்போவ்னா என்ற அந்தச் சின்னக் கிராமம் அவர் வாயால் கேட்ட ஊர் மட்டுமே. துருக்கியர் காலத்தில் ஒருமுறை எரிந்தது. முதல் உலகப்போரில் விஷக்காய்ச்சல் வந்துபோனபின் பதினொரு வீட்டில்தான் அடுப்பு புகைந்தது. நாற்பத்தொன்றில் ஜெர்மன் சிப்பாய்கள் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிறுத்திச் சுட்டார்கள். மிலோராட் அப்போது தாயின் வயிற்றில். மாடுகளும் பறிபோயிருந்ததால், அடுத்த வசந்தத்தில் பெண்கள் தங்கள் தோளிலேயே ஏரைப் பூட்டி உழுதார்கள்.

நான்காம் முறை வெர்போவ்னாவில் மணி அடித்தது. ஊருக்கே ஒரே போன், கடையில்.

"ஆர் கதைக்கிறது?" கடைக்காரர் ராடோவானின் குரல்.

"மிலோராட்டின்ர மனுசி," என்றாள், கணவரிடம் கற்ற செர்பிய மொழியில்.

"கமலாவோ!" அந்தப் பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன. "கம்பெனித் தந்தி காலமையே வந்திட்டுது, பிள்ளை. குழி வெட்டுகினம். மண் உறைஞ்சு கிடக்கு, வீட்டுக்கு ஒராளாய் மாறி மாறி வெட்டுகினம்."

அதன்பின் ரிசீவர் கை மாறியது. ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரையும் வீட்டையும் சொன்னார்கள். ஆலைக்காரர் வீட்டு மில்கா. பாலத்தடி யெலேனா. கடைசியாக, மூச்சு வாங்கும் ஒரு குரல்:

"நான் ஸ்தானா. கிணத்தடி வீடு."

கமலேஸ்வரிக்கு அந்தப் பெயர் தெரியும். அந்த வசந்தத்தில் ஏருக்கு முதலாவதாகத் தோள் கொடுத்தவள் என்று மிலோராட் சொல்லியிருந்தார். அவர் சொன்னதெல்லாம் கதை என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தாள். இப்போது அந்தக் கதை அவள் காதுக்குள் இருமியது.

"உனக்கு அறை சூடாக்கி வைச்சிருக்கு. அவனோட நீயும் வா," என்றாள் ஸ்தானா.

மறுபடி ராடோவான். "இன்னொண்டு, பிள்ளை. புருசன்ர கல்லறைக் கல்லிலேயே மனுசியின்ர பேரையும் வெட்டுறது எங்கட வழக்கம். பிறந்த வருசம் போட்டு, மற்றதுக்கு இடம் விடுவம். உன்ர பேரை உன்ர எழுத்திலதான் வெட்டவேணுமெண்டு போன லீவில மிலோராட் சொல்லிப்போட்டுப் போனவன். எழுதிக்கொண்டு வா. கொத்தன் பாத்து வெட்டுவான்."

லைன் போய்விட்டது. அவள் ரிசீவரை வைத்துவிட்டுக் கூண்டை விட்டு வெளியே வந்தாள்.

"என்னவாம் அக்கா?"

"பேப்பர் ஒண்டு தா."

யோகநாதன் கவுண்டரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தான். அவள் அதைத் திருப்பி வைத்துத் தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். பக்கத்தில் 1946, ஒரு சிறு கோடு. பிறகு, தமிழ் அறியாத கொத்தனுக்காக, ஒவ்வொரு எழுத்தும் எங்கே தொடங்குகிறது என்று சின்னச் சின்ன அம்புக்குறி போட்டாள். லே-யின் கொம்பு சரியாகச் சுழியவில்லை. அதை மட்டும் அடித்துவிட்டுக் கீழே மறுபடி நிதானமாக எழுதினாள்.