மாவுப் படத்தில் ஒரு கரும்புள்ளி

1

இந்தக் கதை எனக்கு ஒரு படத்திலிருந்து கிடைத்தது. வேலைவெட்டி இல்லாமல் இன்ஸ்டாவை விரலால் தள்ளிக்கொண்டே போனபோது சிக்கிய படம். ஒரு எவர்சில்வர் தவலை நிறைய இட்லி மாவு, பொங்கி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வலது ஓரத்தில், மாவின் மேலேயே, மிளகளவு ஒரு கரும்புள்ளி. படத்துக்குக் கீழே கூடியிருந்த கூட்டம் மாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஈ என்றது ஒரு கட்சி. கரப்பான் குஞ்சு என்றது இன்னொரு கட்சி. 'பூந்தமல்லி கடைதானே, எது வேணா இருக்கும்' என்று மூன்றாவதாக ஒரு கட்சி. நான் பூந்தமல்லிக்காரன். அந்த மூன்றாவது கட்சி மேல் வந்த கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஈயும் இல்லை, கரப்பானும் இல்லை. அது திருஷ்டிப் பொட்டு. குழந்தைக் கன்னத்தில் மை தொட்டு வைப்பார்களே, அதேதான். மாவுக்கு வைத்திருக்கிறார்கள். யார் வைத்தது, வைத்ததால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் மீதி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'விடியலின் மெல்லிய ஒளியில் கிரைண்டரின் ஓசை ஒரு தாலாட்டைப் போல'

நிறுத்திவிட்டேன். அடுத்த வீட்டில் குடியிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள், அது தாலாட்டா என்று.

பிறகு இப்படி: 'சுதா பெரிய பெரிய கனவுகளைச் சுமந்தபடி'

அதுவும் பொய். சுதாவுக்குப் பெரிய கனவு ஒன்றும் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் கம்பெனி வேனில் மறுபடி ஏறக்கூடாது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அங்கே ஒரு கம்பெனியில் நின்றபடியே ஒயர் கோத்துக்கொண்டிருந்தாள். பாத்ரூம் போக சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க வேண்டும். முகம் சரியில்லை என்றால் அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, மாமியார் பூங்காவனத்தின் மாவுக் கடையில் வந்து உட்கார்ந்தாள். கடை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் மெட்ரோ வேலைக்காகக் கடைக்கு எதிரே தகரத் தடுப்பு வந்தது. ரோட்டில் போகிறவர்களுக்குத் தகரம் தெரிந்தது, கடை தெரியவில்லை. தகரத்துக்கும் கடைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம். கொஞ்சம் பருத்த ஆள் என்றால் அதுவும் சந்தேகம்.

"தீவாளி வரிக்கும் பாக்கலாம்" என்றாள் பூங்காவனம். "அப்பவும் இப்டியே கீதுன்னா, கடைக்கு நான் ஒருத்தியே போதும். நீ கம்பெனிக்கே போயிடு."

சுதா புருஷன் தமிழரசுவைப் பார்த்தாள். அவன், "எங்கம்மா கைலயே பேசிக்கோ" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிப் போனான். (இந்தக் கதையில் அவனுக்கு இதற்கு மேல் வேலை இல்லை. அவனுக்கும் அதில் வருத்தம் இருக்காது.)

ரோட்டில் தெரியாத கடையைப் போனிலாவது தெரிய வைக்கலாம் என்று தோன்றியது சுதாவுக்குத்தான்.

3

இங்கே கௌதம் வருகிறான்.* வானகரத்தில் ஒரு மாடி அறை, சுழல் நாற்காலி, சுவரில் மூன்று மாதக் கோர்ஸ் முடித்த சான்றிதழ். சின்னக் கடைகளை இன்ஸ்டாவில் பெரிய கடைகளாக்குவது தொழில். கடைக்கு வந்தவன் தவலையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், முகம் வாடிப்போனான்.

"அக்கா, மாவு வெள்ளை. பாக்கெட்டு வெள்ளை. செவுரும் வெள்ளை. இன்ஸ்டால வெள்ளை ஓடவே ஓடாது."

"அதுக்கு?" என்றாள் பூங்காவனம். "பச்சையாவா அரைக்க முடியும்?"

"ஸ்டோரி வேணும் ஆன்ட்டி. ஜனங்க இப்ப மாவு வாங்குறதில்ல, ஃபீலிங் வாங்குறாங்க."

"ஃபீலிங்க ஊத்துனா இட்லி வருமா நைனா?"

அவன் விடவில்லை. ஓர் ஆட்டுக்கல்லை வாடகைக்கு எடுத்து வரலாம், அதில் ஒரு பாட்டி அரைப்பது போல வீடியோ எடுத்தால் அள்ளிக்கொண்டு போகும் என்றான். எந்தப் பாட்டி என்று கேட்டாள் பூங்காவனம். அவன் அவளையே பார்த்தான். பூங்காவனத்துக்கு ஐம்பத்திரண்டு வயது, ஞாயிறு தவறாமல் தலைக்கு டை அடிக்கிறவள்.

"என்னப் பாத்தா பாட்டி மாறியாடா கீது ஒனக்கு?"

ஆட்டுக்கல் அத்தோடு ஒழிந்தது. எனக்கும் நிம்மதி. தமிழ்க் கதைக்குள் ஒரு பாட்டி நுழைந்துவிட்டால் அப்புறம் அவரை வெளியே அனுப்புவது பெரும்பாடு.

கடைசியில் வழி கண்டதும் சுதாதான். ராத்திரி அரைத்து வைத்த மாவைக் காலையில் திறந்து, கரண்டியை உள்ளே விட்டுத் தூக்கினால் அது நூல் நூலாக இழுபட்டு, பொசுக்கென்று அமுங்கும். தினம் பார்த்தாலும் அவளுக்கு அது அலுத்ததே இல்லை. அதை மட்டும் எடுத்துப் போட்டாள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. பார்த்தவர்கள் பத்தாயிரத்தைத் தாண்டினார்கள். தகரத்தைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வானகரத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இரண்டு பாக்கெட் மாவு வாங்கிக்கொண்டு, தவலையோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு போனது. இந்த வெற்றியைக் கௌதம் தன் பக்கத்தில் தன் பெயரில் போட்டுக்கொண்டான்.

(* கௌதமை அளவுக்கு மீறிக் கிண்டல் செய்கிறேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம். இரண்டாவது வரைவில் அவனுக்கு ஒரு சீக்காளி அப்பாவைக் கொடுத்துப் பார்த்தேன், உங்களுக்குக் கொஞ்சம் பரிதாபம் வரட்டும் என்று. ஒட்டவில்லை. அப்பாவை எடுத்துவிட்டேன். மனிதர் இப்போது சௌக்கியம்.)

4

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. குளிரில் மாவு பொங்கவில்லை. மழைக்காலத்தில் எந்த வீட்டிலும் நடப்பதுதான். பூங்காவனத்துக்கும் அது தெரியும். ஆனால் இந்தத் தடவை அவள் தவலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கண்ணு பட்டுப்போச்சு" என்றாள்.

"மழ அத்த. குளுருக்குப் பொங்கல."

"மழ வருசா வருசம்தான் பெய்யுது. இந்த வருசந்தானே ஊரே வந்து பாத்துச்சு? கடைக்குப் பூசணிக்கா கட்டிக்கீறோம். படிகாரம் கட்டிக்கீறோம். கடைக்கு வர்றது எத்தினி பேரு? அங்க பாக்குறது பத்தாயிரம் பேரு. அதுக்கு இன்னாடி கட்டின?"

நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கௌதமின் கோர்ஸிலும் இருக்காது.

சுதாவிடமும் இல்லை. அதனால் மழை விட்டு மாவு மறுபடி பொங்கிய அன்று எடுத்த படத்தில், போனிலேயே விரலால் ஒரு கரும்புள்ளி வைத்தாள். பூங்காவனம் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"நடுவுல வெக்காத. ஓரமா வை, கன்னத்துல வெக்கிற மாறி."

மாவுக்குக் கன்னம் எது என்று சுதா குழம்பினாள். வலது பக்கம் என்று இருவருமாக முடிவு செய்தார்கள்.

அந்தப் படத்தைத்தான் நான் பார்த்தேன்.

5

கௌதம் தகரச் சந்தில் ஓடி வந்தான், முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, எங்கேஜ்மெண்ட் பிச்சிகினு போவுது! ஐந்நூறு கமெண்ட்டு அக்கா!"

ஐந்நூறும் பூச்சியைப் பற்றி. அந்த வாரமே கடை காலி. தினம் வாங்கிக்கொண்டிருந்த டிபன் கடைக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். ஒரு பெண்மணி பாக்கெட்டோடு வந்து, கடை வாசலிலேயே அதைப் பிரித்து, மாவை விரலிடுக்கில் துழாவித் துழாவித் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததில் அவருக்கு ஏமாற்றம். பாதி பாக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். சுதா மேடையைத் துடைத்தாள்.

அது திருஷ்டிப் பொட்டுதான் என்று எழுதிப் போட்டாள். 'ஈக்கு இப்படியும் ஒரு பேரா?' என்று பதில் வந்தது, அதற்குச் சிரித்தவர்கள் முந்நூறு பேர். பொட்டை அழித்துவிட்டுச் சுத்தம் சுகாதாரம் பற்றி இங்கிலீஷில் நாலு வரி போடலாம் என்றான் கௌதம். "பொட்ட மட்டும் எடுக்கக்கூடாது" என்றாள் பூங்காவனம். தீபாவளி அடுத்த வாரம். சுதா பழைய கம்பெனித் தோழிக்குப் போன் போட்டு, ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தாள். எடுக்கிறார்கள்.

(இந்த இடத்தில் சுதா மாமியாரை நாலு கேள்வி கேட்பதாக ஒரு காட்சி எழுதினேன். 'எல்லாத்துக்கும் நீங்கதான்' என்று தொடங்கும். சுதா அப்படிப் பேசுகிறவள் இல்லை. பேசியது நான். அடித்துவிட்டேன்.)

அந்தப் போன் பேச்சு பூங்காவனத்தின் காதில் விழுந்திருக்க வேண்டும். மத்தியானம், நைட்டிமேல் போட்டிருந்த துண்டை உதறிச் சரிசெய்துகொண்டு, தவலைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போன்ல என்னப் புடி. நான் பேசுறேன்."

பேசினாள். ஒரு வார்த்தை விடாமல் தருகிறேன்:

"இத பாருங்க. இது பூச்சி இல்ல. கண்ணு படக்கூடாதுன்னு நான்தான் வெக்கச் சொன்னேன். நீங்க அல்லாரும் நல்லவங்களாத்தான் இருப்பீங்க. ஆனா அத்தினி கண்ணு ஒண்ணாப் பட்டா எதுதான் தாங்கும்? எம் மருமவ கம்பெனிக்குப் போயிகினு இருந்தா. ராவுல வந்து செருப்பக் கழட்டுனா காலு பொதபொதன்னு வீங்கிக்கீது. நான் பாத்துகினுதான் இருந்தேன். தீவாளிக்கு அப்பால போன்னு நான்தான் சொன்னேன். கடை ஓடலன்னா வேற இன்னா சொல்றது? சோறு துன்னணும்ல? அவள மறுபடி அந்த வேன்ல ஏத்த எனக்கு மனசு இல்ல. வர்றவங்க வாங்க. வராதவங்க சொம்மா இருங்க. அவ்ளோதான்."

கடைசிப் பகுதியில் பூங்காவனத்தின் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கும்; சுதா போனைப் பார்க்காமல் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, தன் காலை இந்த வீட்டில் ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதே அவளுக்குத் தெரியாது.

6

இனி முடிவு.

வீடியோவை லட்சம் பேர் பார்க்கிறார்கள், தகரச் சந்தில் வரிசை நிற்கிறது, ஆவடியில் ஒரு கூட்டத்தில் கௌதம் 'திருஷ்டி மார்க்கெட்டிங்' என்று உரையாற்றுகிறான். எழுதிப் பார்த்தேன். சுலபமாக வந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

யாரும் பார்க்கவில்லை, தீபாவளி முடிந்த திங்கட்கிழமை சுதா டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, வேன் வரும் முனையில் போய்

இல்லை. என்னால் முடியவில்லை.

சுதா மாமியார் முகத்திலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வீடியோவைப் போடுவதாக முடித்தால் பத்திரிகையில் உடனே எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கும் கண் கலங்கும். அதற்காகவே வேண்டாம்.

நடந்தது இவ்வளவுதான். சுதா வீடியோவை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். அத்தையின் வெற்றிலைக் காவிப் பற்கள், கறுத்த முகம், 'கீது', 'துன்னணும்'. ஐந்நூறு பேரின் கமெண்ட்டையும் ஒன்று விடாமல் படித்தவள் அவள். இவர்கள் இதை என்ன செய்வார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"உன்னக் கிண்டல் பண்ணுவாங்க அத்த."

"பண்ணட்டுமே. என்னத்தானே? போடு."

போட்டுவிட்டாள். பார்த்தவர்கள் இதுவரை இரண்டு பேர். ஒருத்தி சுதா. இன்னொருவர் நீங்கள்.

கமெண்ட் போடும் இடம் காலியாக இருக்கிறது. முதல் ஆள் எதை எழுதுகிறாரோ, பின்னால் வருகிற கூட்டம் அதைத்தான் எழுதும். இது இன்ஸ்டா பழகிய எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அங்கே நான் எழுதிவிட்டால் அது சொந்தக் கதைக்கு நானே கை தட்டிக்கொள்வதாகிவிடும்.

பூங்காவனம் தவலையை மூடிவிட்டு, "யாருனா இன்னானா எழுதிக்கீறாங்களா?" என்று கேட்கிறாள். சுதா போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னும் இல்ல அத்த" என்கிறாள்.

எழுதுங்கள்.