கடிகாரத்துக்கு முன்னால் நடந்தவள்

ஏலப்பாறை கோயில் ஹாலில் அன்று பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் இரண்டு இடத்தில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடா வரைக்கும் நடக்க வேண்டும். வீட்டிலும் வழியிலும் எப்படி நடப்பார்களோ அப்படி. பிறகு ஒரு பிடியைக் கையால் முடிந்த மட்டும் அழுத்த வேண்டும். சோதனை அவ்வளவுதான்.

வயது ஏற ஏற உடம்பில் தசை கரைகிறது. அதைத் தடுத்து, முதியவர்கள் முடங்கிப் போகாமல் காப்பாற்ற முடியுமா என்று பார்க்க ஒரு மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வு அது. தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்து ரிட்டயரானவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். நடை தளர்ந்தவர்களைப் பொறுக்கி ஓராண்டுக்குப் பயிற்சி. நன்றாக நடப்பவர்களுக்குப் பயிற்சி தேவையில்லை, வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

டின்சி அந்த ஆய்வின் களப்பணியாளர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்திலிருந்தே படித்து, இப்போதும் அம்மா ரோசியோடு அதே லயத்து வீட்டில் இருப்பவள். ஆட்களை அழைத்து வந்து உட்காரவைப்பதிலிருந்து நடையை அளப்பது வரைக்கும் அவள் பொறுப்பு. சொந்தக்காரர்களை மட்டும் அவள் அளக்கக் கூடாது. அதனால் ரோசியின் முறை வந்தபோது, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருந்த இன்னொரு களப்பணியாளர் யோகப்பிரியா ஸ்டாப் வாட்சைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"பெரியம்மா, சந்தைக்குப் போறப்ப எப்படி நடப்பீங்களோ அப்படி நடந்தாப் போதுமுங்க. அவசரமே இல்லீங்க."

"சந்தைக்கு நான் ஓடில்லா போவேன்," என்றாள் ரோசி.

ஹால் சிரித்தது. ரோசி சிரிக்கவில்லை. அவள் கண் யோகப்பிரியாவின் கையிலிருந்த கடிகாரத்தில் இருந்தது.

அந்தக் கண்ணை டின்சிக்குத் தெரியும். தோட்டத்தில் விடிகாலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் இடத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் கடிகாரத்தோடு நிற்பார். காய்ச்சலோ, மாதவிலக்கோ, முழங்கால் வலியோ, அவர் முன்னால் நடக்கும் அந்தக் கொஞ்ச தூரம் ஒருத்தியும் நொண்டியதில்லை. முடியாதவள் என்று கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அரை நாள் கூலி. அடிக்கடி பட்டால் பேரே வெட்டிவிடுவார்கள். நாற்பது வருஷம் அப்படி நடந்த உடம்புக்கு, கடிகாரம் பிடித்தவர் எதிரே நின்றுகொண்டு 'வழக்கம்போல நட' என்று சொன்னால் என்ன புரியும்?

ரோசி நடந்தாள். முதுகில் கொழுந்துக் கூடை இருப்பதுபோல முன்னால் சாய்ந்து, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, விறுவிறுவென்று. கடைசி நாடாவைத் தாண்டியும் நிற்காமல் சுவர் வரைக்கும் போய்த்தான் நின்றாள். பிடியை அழுத்தச் சொன்னபோது, இலை கிள்ளிக் கிள்ளி இறுகிய அந்த விரல்கள் பிடியிலிருந்த அளவு முள்ளை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தின.

"ரோசிய இப்பவும் பீல்டுக்கு எடுக்கலாம்டோய்!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல். டின்சியும் தட்டினாள்.

யோகப்பிரியா அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அக்கா, இது அவங்க எப்பவும் நடக்கற நடையாட்டம் தெரியலீங்க. சுவத்தப் புடிச்சுட்டு மூச்சு வாங்கறாங்க பாருங்க. கொஞ்சம் உக்கார வெச்சு இன்னொருக்கா நடக்கச் சொல்லட்டுங்களா?"

டின்சி திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் சிவந்து, கழுத்து வேர்த்து, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. அப்பா இறந்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. அடுப்படிக் கட்டையிலிருந்து எழும்போது அம்மா இப்போதெல்லாம் நிலைக்கதவைப் பிடித்துக்கொள்வதும், பிடித்தபின் ஒரு நிமிஷம் அப்படியே நிற்பதும் அவளுக்குத் தெரியும். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அதற்கு என்ன பொருள் என்பதும் தெரியும்.

"விடு யோகா," என்றாள். "நல்லாத்தான நடந்தாங்க."

அடுத்த வீட்டு எப்சிபா அதற்குப் பிறகு நடந்தாள். எப்சிபா எதற்கும் அவசரப்படாதவள். தோட்டத்தில் இருந்த காலம் முழுக்கக் கங்காணியிடம் திட்டு வாங்கியே ஓட்டியவள். கடிகாரத்தைப் பார்த்தும் அவள் பாட்டுக்கு அசைந்து அசைந்து போனாள். பயிற்சிக்கு அவள் பேரை வாசித்ததும் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள்.

"இங்கயும் எனக்கு அரைப்பேர்தானா?"

"அழாதட்டி," என்று ரோசி தேற்றினாள். தேற்றும்போதே உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. "எல்லாருக்கும் ஒண்ணுபோல அமையுமா?"

வீட்டுக்கு ஏறும் வழியில் ரோசி இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் செருப்பில் கல் என்றாள். இன்னொரு இடத்தில், கவாத்து வெட்டாமல் மரமாய் வளர்ந்துகிடந்த தேயிலையைக் காட்டிக் கம்பெனிக்காரனைத் திட்டினாள். திட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. டின்சி பக்கத்தில் நின்று, பள்ளத்திலிருந்து ஏறிவந்து செடிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த மஞ்சு மூட்டத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

பயிற்சி அதே ஹாலில் தொடங்கியது. கணுக்காலில் மணல் பை கட்டித் தூக்குவது, ரப்பர் பட்டையை இழுப்பது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, உட்காருவது, மறுபடி எழுவது. முடிந்ததும் ஆளுக்கு அவித்த முட்டையும் கடலையும். லயத்தில் அதற்கு ஒரே வாரத்தில் பேர் வைத்துவிட்டார்கள்: தோத்தவங்க பள்ளிக்கூடம்.

"என்னட்டி, இன்னைக்கு என்ன பாடம்?" என்று வாசலில் உட்கார்ந்து ரோசி கேட்பாள்.

"எந்திரிச்சு உக்காருற பாடம்," என்பாள் எப்சிபா. "முட்டை குடுக்காவ மைனி. ஒங்களுக்குத்தான் கெடைக்காது."

டின்சி ஒரு தடவை முயன்றாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன், நாற்காலியை இழுத்துப் போட்டு, "யம்மா, நீயும் கொஞ்சம் செஞ்சு பாரேன்," என்றாள்.

"நான் பாசாயிட்டேன்லா? பாசானவளுக்கு எதுக்குட்டி டியூசன்?"

இருவருமே சிரித்துவிட்டார்கள். டின்சி நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள்.

ஹாலுக்கு வருகிறவர்களின் வீட்டாருக்கு அவள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. அவங்க எந்திரிக்கப் பாடுபடுறப்ப ஓடிப்போய்த் தூக்காதீங்க, அந்தப் பாடுதான் மருந்து. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அம்மா எழுமுன்பே தண்ணீர்ச் செம்பை அவள் கையில் கொடுப்பாள். விறகு டின்சியே எடுப்பாள். கீழ்க்குழாயிலிருந்து தண்ணீரும் அவளே. வாழ்நாளெல்லாம் மேட்டில் சுமந்தவள் இனியாவது உட்காரட்டும். லயத்தில் படித்து வேலைக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் இருக்கிற ஆசைதான் அது. அம்மாவை உட்கார வைத்திருக்கிறேன் என்று சொல்வதில் அவர்களுக்கெல்லாம் ஒரு கௌரவம்.

ரோசி உட்கார்ந்தாள். முதலில் காலைப் பூசை நின்றது, சாமியார் பிரசங்கம் நீளம் என்று. பிறகு சந்தை. பிறகு தெரு முனைக்கடை. மழைக்காலம் வந்தபோது அவள் உலகம் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் சுருங்கியிருந்தது.

கக்கூஸ் லயத்துக்குப் பின்னால், கல் படிகள் இறங்கினால் இருக்கும். டின்சி வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் ரோசி அங்கே போய்விட்டுத் திரும்புகையில், படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். வழுக்கவில்லை. எலும்பு ஒன்றும் முறியவில்லை. உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை, அவ்வளவுதான். தூறலில் நனைந்தபடி அங்கேயே இருந்தாள். கூப்பிடவும் வெட்கப்பட்டிருக்கிறாள்.

துணி எடுக்கப் பின்பக்கம் வந்த எப்சிபாதான் பார்த்தது. ஹாலில் சொல்லிக்கொடுத்தபடியே காலை அகட்டி, முழங்காலை மடக்கிக் குனிந்து, "என் தோளப் பிடி மைனி," என்று சொல்லி ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினாள். சாயங்காலம் டின்சியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "ஒங்கம்மைக்கு எடையே இல்லட்டி. காலிச் சாக்கத் தூக்குன மாதிரி இருந்துது." குரலில் கேலியில்லை. கேலி இருந்திருந்தால் தேவலை என்று டின்சிக்குத் தோன்றியது.

மறுநாள் அவள் ஆய்வை நடத்தும் டாக்டர் அருள்குமாரிடம் போய் நின்றாள். அம்மாவைப் பயிற்சியில் சேர்க்க முடியுமா?

"பாதியில சேர்க்க முடியாதும்மா," என்றார். "ஆனா பயிற்சி நம்ம சொத்தா என்ன? வீட்லயே ஆரம்பிங்க. முதல்ல அளவு எடுத்தப்ப எப்படி நடந்தாங்க?"

டின்சி சொன்னாள். கூடையில்லாத முதுகைச் சாய்த்துக்கொண்டு நடந்ததை, சுவரைப் பிடித்ததை, யோகப்பிரியா கேட்டதை, தான் சொன்னதை.

அவர் பேனாவை மூடி வைத்தார். "இந்தப் பக்கத்துல நிறையப் பேர் அப்படித்தான் ஓடியிருக்காங்கன்னு இப்பதான் தெரியுது. வழக்கமா நடங்கன்னு சொன்னோம். சொல்றப்ப கையில வாட்ச வச்சிருந்தோம். எனக்கு அது தோணியிருக்கணும்."

"எனக்குத் தோணுச்சு சார்," என்றாள் டின்சி.

"தசை திரும்ப வரும். எந்த வயசிலயும் வரும். எவ்வளவு, எத்தனை மாசத்துலன்னு என்னால சொல்ல முடியாது."

"அன்னைக்கே ஆரம்பிச்சிருந்தா?"

டாக்டர் அவளைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

ரோசி இந்தத் தடவை டியூசன் என்று கேலி பேசவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். முட்டை தின்றாள். சில வாரங்களில் ஒரு கையை மட்டும் ஊன்றி நாற்காலியிலிருந்து எழ வந்துவிட்டது. எழுந்து நின்று டின்சியைப் பார்த்தபோது, அந்தக் கண்ணில் பழைய பளிச்சு கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

அதற்குள் அண்ணன் ஜினோ வந்துவிட்டான். கீழே சமவெளியில், கஞ்சிக்கோட்டில் கம்பி ஆலையில் வேலை. மனைவி ஷீனாவோடு பக்கத்திலேயே வாடகை வீடு.

"நீ பகல் பூரா வெளிய," என்றான் டின்சியிடம். "மறுபடி அந்தப் படியில விழுந்தா யாரு பாப்பா? எங்க வீட்ல எல்லாம் ஒரே மட்டம். கக்கூசு ரூமுக்குள்ளயே இருக்கு. ஷீனா இருக்கா."

"இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்டா," என்றாள் ரோசி. "தேறி வருதுல்லா. ஒங்கப்பன் இங்கதான கெடக்காரு, கல்லறையில. நான் அங்க போயி லாரிச் சத்தத்துல என்ன செய்ய?"

ஜினோ முரடனில்லை. அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னான்: "அந்தப் படிய ஒருக்கா எறங்கி ஏறிக் காட்டும்மா. நான் பேசாம பஸ் ஏறிப் போயிருதேன்."

மூவரும் பின்பக்கம் போனார்கள். ரோசி சுவரைப் பிடித்து இறங்கினாள். திரும்பினாள். ஒரு படி ஏறினாள். அடுத்த படியில் காலை வைத்து உந்தினாள், உடம்பு வரவில்லை. மறுபடி உந்தினாள். தொடை நடுங்குவது சேலைக்கு மேலேயே தெரிந்தது. டின்சி ஓடினாள்.

"பிடிக்காத," என்றான் ஜினோ.

ஹாலில் அவள் எல்லோருக்கும் சொல்லும் அதே சொல்தான். டின்சி நின்றுவிட்டாள். ரோசி அண்ணாந்து தன் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தாள். பிறகு படியை. பிறகு காலை மெல்லக் கீழே எடுத்து வைத்தாள்.

"சரிடா," என்றாள். "சேலையெல்லாம் எடுத்து வையி."

இப்போது டின்சி சாயங்காலங்களில் கஞ்சிக்கோட்டுக்கு வீடியோவில் கூப்பிடுகிறாள். அண்ணி ஷீனா போனைச் சன்னலோரம் சாய்த்து வைத்துவிட்டுப் போவாள். அம்மாவின் முகம் பாதியும், சன்னலுக்கு வெளியே வெயிலில் வெளுத்துக்கிடக்கும் தெரு பாதியுமாகத் தெரியும்.

"நடந்தியாம்மா இன்னைக்கு?"

"எங்கட்டி நடக்க? இங்க எல்லாம் தரையாக் கெடக்கு. ஏறுறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"நாற்காலியில எந்திரிச்சு உக்காரச் சொன்னேன்லா."

"ஷீனா எங்க விடுதா. நான் கைய ஊன்றதுக்குள்ள ஓடி வந்துருதா."

டின்சி அண்ணியைக் கூப்பிட்டாள். ஷீனா ஈரக்கையைத் துடைத்தபடி முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தாள்.

"அண்ணி, அம்மாவ அவங்களா எந்திரிக்க விடுங்க. கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் பரவால்ல."

"ஐயோ டின்சி, என்ன பேச்சு பேசுத? அந்த மலையில அத்தை பட்டது போதாதா? இனியாவது உக்காந்து சாப்பிடட்டும். நான் இருக்கேன், நீ ஒண்ணும் கவலப்படாத."

சொல்ல வேண்டியதெல்லாம் டின்சிக்கு மனப்பாடம். ஹாலில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அந்த நல்ல முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒன்றையும் எடுக்க முடியவில்லை. ஷீனா சொன்ன ஒவ்வொரு சொல்லும், லயத்து வீட்டில் டின்சியே நினைத்துச் செய்ததுதான்.

"வாங்கத்தே, காப்பி குடிக்கலாம்," என்று ஷீனா குனிந்தாள். இரண்டு கையையும் மாமியாரின் அக்குளில் கொடுத்து, அலுங்காமல், பிரியமாகத் தூக்கினாள். ரோசியின் கால்கள் தரையில் அழுந்தக்கூட இல்லை.