இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஜாய்சன் ஒருவர்தான் என் சம்பளத்தையும் சமையலையும் விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

"எப்சி, நீங்க ஜாஸ் கேப்பீங்களாமே. நான் இப்பதான் ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கியிருக்கேன். முதல்ல எதை வாங்கலாம்? அஞ்சு மட்டும் சொல்லுங்க."

சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில், கேக் தட்டோடு நின்றிருந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எனக்கோ வாயெல்லாம் பல்.

மறுநாள் சாம்பல் புதன். அன்று தொடங்கி ஈஸ்டர் வரை நாற்பது நாள் நோன்பு. அந்த லெந்து நாட்களில் எங்கள் இரண்டு வீட்டிலும் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை. ஈஸ்டர் அன்று கீழ்க்கட்டளையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்வது என்று முடிவாயிற்று.

இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் "மியூசிக்னா எனக்கும் உயிர்" என்று அளந்துவிட்டு, ஒரு பாட்டு முடிவதற்குள் போனை நோண்டியவர்கள். பொய் சொல்லாமல் காது கொடுக்கிற ஆள் வேண்டும், கிடைக்காவிட்டால் இப்படியே இருந்துவிடலாம் என்று முப்பத்து நான்கு வயதில் தீர்மானித்திருந்தேன்.

ஐந்துக்குள் அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் பியானோ, பாஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேர் வாசிக்கும் இசைத்தட்டு. யார் என்ன செய்கிறார்கள் என்று புதியவருக்கும் பிடிபடும். அடுத்து ஒரு பாடகி. பிறகு டிரம்பெட். நான்காவது சாக்ஸபோன். 'முதல் தடவை தலை வலிக்கும், விடாதீங்க' என்று எழுதினேன். ஐந்தாவதுதான் என் செல்லம். அதில் ஓரிடத்தில் மற்றவர்கள் ஓய்ந்துவிட, ஆளுயர வயலின் போன்ற டபுள் பாஸை ஒருவர் இரண்டு நிமிடம் தனியாக மீட்டுவார். டிரம்ஸ்காரர் சிம்பலை மட்டும் லேசாகத் தட்டிக்கொண்டிருப்பார். அதை நான் சொல்லவில்லை. 'இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. நடுவில் ஊசியைத் தூக்காதீங்க' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

நாற்பது நாளும் அதே நினைப்புதான். அந்த இடத்துக்கு வந்திருப்பாரா? என்ன தோன்றியிருக்கும்?

ஈஸ்டர் ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கேட்டேன்.

"அஞ்சும் கேட்டீங்களா?"

"கேட்டேன். அஞ்சாவதுல ஒரு டவுட்டு. கடைசிப் பாட்டு நடுவுல ரெண்டு நிமிஷம் யாருமே வாசிக்கலையே? டிக் டிக்னு ஏதோ சத்தம் மட்டும் வந்துச்சு. எதுக்கு நிறுத்துனாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. யாருமே வாசிக்கவில்லையாம்! இவரும் போனை நோண்டிய கூட்டம்தான்.

"பொய் சொல்லாதீங்க ஜாய்சன். நீங்க கேக்கவே இல்ல."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஜாய்சனின் அம்மா தபீதாள் ஆன்ட்டி சிரித்துக்கொண்டே வந்தார்.

"அவன் எங்கேம்மா கேட்டான்? லெந்து முழுக்க இந்த வீட்ல கீர்த்தனை தவிர வேற பாட்டே கிடையாது. ஸ்பீக்கர நானே துணி போட்டு மூடிட்டேன்."

ஆமாம், மூலையில் இரண்டு ஸ்பீக்கரும் மூடிக் கிடந்தன. ஒயர்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

"ஸ்பீக்கரைத்தானே மூடுனாங்க," என்றார் ஜாய்சன், திருடி மாட்டிக்கொண்டவர் போல. "தட்டு சுத்தும்போது ஊசிகிட்ட இருந்தே கொசு மாதிரி ஒரு சத்தம் வரும். பக்கத்துல காதை வச்சு அஞ்சையும் கேட்டேன். ஈஸ்டருக்குள்ள கேட்டு முடிக்கணுமே."

கொசுச் சத்தத்தில் சிம்பல் வரும். பாஸின் கனத்த கீழ்ஸ்தாயி எங்கே வரும்?

"அப்ப அந்த ரெண்டு நிமிஷம்?"

"ஒண்ணுமே கேக்கல. தட்டு கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். ஆனா ஊசியைத் தூக்காதீங்கன்னு எழுதியிருந்தீங்களே. அதான் அப்படியே காதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மூணு தடவை."

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. எழுந்து போய்த் துணியை எடுத்தேன்.

"லெந்து முடிஞ்சிடுச்சே, போடலாமா ஆன்ட்டி?"

"போடும்மா, இனிமே என்ன?"

ஒயரைச் சொருகி, ஐந்தாவது தட்டை இரண்டாம் பக்கம் திருப்பி, கடைசிப் பாட்டில் ஊசியை வைத்தேன். பியானோ ஓய்ந்தது, டிரம்பெட் ஓய்ந்தது. பழக்க தோஷத்தில் தட்டுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோயிருந்த ஜாய்சன், முதல் பாஸ் ஒலியில் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். டீப்பாயில் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன.

"இவ்ளோ நாளா இவர் இங்கயேதான் இருந்தாரா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அம்மா என் காதோரம் குனிந்தாள். "என்னடி பதில் சொல்றது?"

"சரின்னு சொல்லும்மா. ஆனா பாட்டு முடிஞ்சப்புறம் சொல்லு."