ருபார்ப் கேக்கின் கடைசித் துண்டு

சிரித்துச் சிரித்து மார்லிஸ் தோர்சனுக்குக் கன்னம் வலித்தது. காலையில் வங்கி, அப்புறம் விதைக்கடை, அப்புறம் சவப்பெட்டிக்காரர். மூன்று இடத்திலும் அதே பல்லைக் காட்டி, அதே பேச்சைப் பேசி, வெந்நீருக்குச் சாயம் போட்ட மாதிரியான காபியைக் குடித்தாகிவிட்டது. எல்க் பெண்ட் ஊரின் பயண வரலாற்று மையம் இத்தனை வருஷமாக மூச்சு விடுவதே அவள் இப்படி நன்கொடை கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்குவதால்தான். சம்பளம் கிடையாது. ‘மார்லிஸ்தான் இருக்காளே’ என்பதுதான் அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரம்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் மேற்குக் கடலுக்கு வழி தேடிப் போன ஒரு படகுக் குழு, மிசௌரி ஆறு இங்கே வளைகிற இடத்தில் ஒரு குளிர்காலம் தங்கியது. அந்தக் கதையைச் சொல்லத்தான் மையம். ஆதரவு தருகிறவர்களின் பெயரை ஆளுக்கொரு துடுப்பில் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். தாராளக் கை என்றால் கேப்டன் வரிசை, நடுத்தரம் என்றால் சார்ஜென்ட், மற்றவர்கள் படகோட்டி. யார் துடுப்பு யாருக்கு மேலே என்று வருஷா வருஷம் மனஸ்தாபம். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் முடவனுக்குக் கோபம். ஏணியில் ஏறித் துடுப்பை மாற்றி மாட்டுகிறவளுக்கு மட்டும் கோபம் வரக் கூடாது.

இந்த வருஷம் அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவள் புருஷன் ஓர்டெல் கடலைப் பார்க்க வேண்டும். அவருக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை கரைந்துகொண்டிருந்தது, ஓரம்தான் தெரியும். மார்லிஸின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவள் காதுக்கு அப்பால் பார்க்க வேண்டும். வசந்தம் வரை இதுவும் தாங்குமா தெரியாது என்று பிஸ்மார்க் நகரத்துக் கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கோதுமையை மட்டுமே பார்த்த மனுஷன். மார்லிஸும்தான் என்ன கண்டாள்? அந்தக் குழு கடைசியில் கடலைக் கண்டு கூத்தாடியதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அவள் பக்கத்து மாநிலத்தைக்கூடத் தாண்டியதில்லை.

அன்று காலை ஓர்டெல் வரைபடப் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு கேட்டார்.

“கடலுக்குப் போற மலைப்பாதையில பனி எப்ப விழ ஆரம்பிக்கும்?”

“அக்டோபர் பாதியில.”

“அப்ப இன்னும் நாள் இருக்கு,” என்றார். அவர் கெஞ்சியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்று சாயங்காலம் ஆதரவாளர் விருந்து. அது முடிந்த மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை பள்ளிக்கூட பஸ்களும் வசூல் நடையுமாக அவளுக்கு ஒரு நாள்கூட ஓய்வு இருக்காது. வேறு ஆளைப் பார்க்கும்படி இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

மத்தியானம் தானியக் கிடங்குக்குப் போனாள். அதன் மேலாளர் டுவெய்ன் ஓப்ஹைம்தான் மையத்துக்குத் தலைவர்.

“டுவெய்ன், இந்தத் தடவை வேற யாராச்சும் பாத்துக்கிட்டா நல்லாருக்குமோன்னு தோணுது. புது ஆளா.”

“அடக்கத்தப் பாரு! உன்ன விட்டா யாரு இருக்கா மார்லிஸ்?”

“இல்ல, ஓர்டெலுக்குக் கண்ணு வேற...”

“பாவம், நான் விசாரிச்சேன்னு சொல்லு. சாயங்காலம் அந்த ருபார்ப் கேக் உண்டுல்ல?”

“ம். கொண்டு வரேன்.”

அந்த ஊர் அளவுக்கு அவள் பேசியது தொண்டை கிழியக் கத்தியதற்குச் சமம். அங்கே முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவர் யாருமில்லை. ‘தோணுது’ என்பார்கள், ‘பாக்கலாம்’ என்பார்கள், கேட்கிறவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். டுவெய்னுக்குப் புரியாமலில்லை என்பது என் சந்தேகம். புரிந்துவிட்டால் ஏணியில் அவர் ஏற வேண்டுமே!

ஐந்து மணிக்கு, வெயில் இறங்குமுன்பே விருந்து தொடங்கியது. மேற்பக்கத்தில் பழங்குடிகளுக்கு ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலத்தின் கல்லூரியிலிருந்து வந்த டெல்ஃபின் யங் ஃபாக்ஸ், உள்ளே நுழைந்ததும் சுவரைப் பார்த்தாள்.

“என் துடுப்பு இன்னும் கக்கூஸ் கதவுக்கு மேலதானா?”

“அது வழிகாட்டி வரிசை டெல்ஃபின். உங்களுக்குன்னு தனியா...” என்று மார்லிஸ் இழுத்தாள்.

“நல்லாத்தான் வழி காட்டுது. அந்தக் குளிர்ல எங்க சோளத்தத் தின்னுதான் உங்க கேப்டன் உசுர் பொழச்சாரு. மொத ஸ்பான்சரே நாங்கதான். சரி, நீ ஏன் செத்த மூஞ்சியா இருக்க?”

மார்லிஸ் சொன்னாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓர்டெலை டெல்ஃபின் திரும்பிப் பார்த்தாள்.

“போக வேண்டியதுதானே? டுவெய்ன்கிட்டச் சொல்லு.”

“சொன்னேன்.”

“சொன்னியா, இருமினியா?”

சாப்பாடு முடிந்ததும் டுவெய்ன் எழுந்து தொண்டையைச் செருமினார். மையத்தின் மாதிரிப் படகுக்குக் கூரை போடப் போகிறார்களாம். “அதுக்கும் நம்ம மார்லிஸ்தான் பொறுப்பு. திங்கக்கிழமையே ஆரம்பிக்கறாங்க!” எல்லாரும் கை தட்டினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஒவ்வொரு முகத்திலும் நிம்மதி.

மார்லிஸ் எழுந்தாள்.

“எனக்கும் வயசாகுது. யாராவது சின்னவங்க வந்தா... நான் தடுக்கமாட்டேன்.”

கூடம் சிரித்தது, இன்னும் பலமாகக் கை தட்டியது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. பக்கத்தில் ஓர்டெலும் தட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கம் சாய்ந்து, காதுக்கு அப்பால் பார்த்து, மெதுவாகச் சொன்னார். “பரவால்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

எதைக் கொண்டு பார்ப்பார்?

அவள் எதிர்மேஜையையே பார்த்தபடி இருந்தாள். அங்கே, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டைப் போட்டு அவள் சுட்ட கேக்கில் ஒரே ஒரு துண்டு தட்டில் மிச்சம். கடைசித் துண்டை எடுப்பதில்லை என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். எடுத்தால் பேராசைக்காரர். ஆனால் பாதியாக வெட்டி எடுத்தால் குற்றமில்லை. டுவெய்ன் வந்து பாதியை வெட்டிக்கொண்டார். வங்கிக்காரி வந்து அதில் பாதி. பாதிரியார் வந்து அதிலும் பாதி. ஒவ்வொருவரும் தின்றார்கள், ஒவ்வொருவரும் மரியாதையாக மீதி வைத்தார்கள். கடைசியில் கட்டைவிரல் அளவுக்குக் கிடந்தது.

மார்லிஸ் எழுந்து போனாள். கத்தியைத் தொடவில்லை. அந்தத் துண்டை விரலால் எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

பக்கத்து மேஜையில் பேச்சு நின்றது. அடுத்த மேஜையிலும் நின்றது. ஒரு கிழவர் முட்கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி இருந்தார். மார்லிஸ் அவசரப்படாமல் மென்றாள், விழுங்கினாள், விரலையும் நக்கினாள்.

“மார்லிஸ்,” என்றார் டுவெய்ன், யாரோ செத்துப்போன சேதி சொல்கிற குரலில். “எங்க மேல ஏதும் கோவமா?”

“இல்ல. பசி.” மையத்தின் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றிக் காலித் தட்டில் போட்டாள். அது ணங்கென்று விழுந்தது. “நானும் ஓர்டெலும் கடல் பாக்கப் போறோம். நாளைக்கு. இந்த வேலை எனக்கு இனிமே வேணாம். முடியாது டுவெய்ன்.”

முடியாது! சொன்ன பிறகு பார்த்தால் அது சின்னச் சொல்தான். கூரை இடிந்து விழவில்லை.

டெல்ஃபின்தான் முதலில் சிரித்தாள். “எங்க பக்கம் மிச்சத்த மூட்டை கட்டிக்கிட்டுத்தான் கிளம்புவாங்க. இத்தனூண்டு கேக்குக்கா எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?” தட்டைத் தூக்கி டுவெய்ன் கையில் வைத்தாள். “புடிங்க கேப்டன். ஏணி பின்னால இருக்கு.”

டுவெய்ன் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே வயல் மேல் இன்னும் மஞ்சள் வெயில் கிடந்தது. மார்லிஸ் ஓர்டெலின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றி, தான் ஓட்டும் பக்கம் போய் உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் ஓய்ந்திருந்தது. சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ளத் தெம்பில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஓர்டெல் கேட்டார்.

“கேக் எப்படி இருந்துச்சு?”

“காஞ்சு போச்சு.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “மார்லிஸ், அவ்வளவு தூரம் போய் எனக்குக் கடல் தெரியலன்னா? எதப் பாத்தாலும் நடுவுல அழிஞ்சு போகுதே.”

அவள் பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அழிஞ்சா அழியட்டும். அதுக்கு ஓரமே அவ்வளவு இருக்கும்.”

ஓர்டெல் தலையைத் திருப்பி அவள் காதுக்கு அப்பால் பார்த்தபடி வீடு வரை வந்தார்.