மூன்று துறைக்கும் ஒரே மணி

ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் கணக்கம்மா காலையிலிருந்து நூலகத்தின் முதல் மாடிக் கூட்ட அறையில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். நீளமான வாக்கியம்கூட இல்லை. 'நூலகத்தின் மேற்குப் படிக்கட்டுக் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.' அவ்வளவுதான். இதை அறிக்கையில் சேர்க்கச் சொன்னால், எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அவள் ஏதோ நூலகத்தையே இடிக்கச் சொன்னதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

பல்கலைக்கழகத்தில் அவள் கணிதம் கற்பிக்கிறாள். கூட்டம் ஒரு கதவை நோக்கி ஓடும்போது எங்கே நெரிசல் வரும், எவ்வளவு நேரத்தில் காலியாகும் என்று சமன்பாடு போடுவது அவள் ஆராய்ச்சி. நூலகத்தில் வேலை செய்பவர்கள் வைத்த பெயர்தான் கணக்கம்மா. எதிரே இருந்தவர்களில் ஒருவர் உளவியல் பேராசிரியர். ஆபத்தில் மனிதர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது அவர் பாடம். இன்னொருவர் கட்டடப் பொறியாளர். படிக்கட்டு, அகலம், கைப்பிடி என்று அளப்பவர். மூன்றாமவர் ஒருங்கிணைப்பாளர். அவருடைய சொந்தத் துறை எது என்பது யாருக்கும் ஞாபகமில்லை. அவருக்கே இருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

மூன்று துறைகளையும் ஒன்றாகக் கட்டி, கோட்பாட்டையும் நடைமுறையையும் இணைக்கப்போகிறோம் என்று சொல்லித்தான் இந்தத் திட்டம் தொடங்கியது. தொடக்க விழாவில் பேசிய அத்தனை பேரும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டுப் போனார்கள். வருடங்கள் ஓடின. கட்டுரைகள் வந்தன, மாநாடுகள் நடந்தன, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அட்டைகள் சேர்ந்தன. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

அந்தக் கதவு அவளுக்கு வெறும் ஆராய்ச்சி இல்லை. மூன்றாவது மாடியில் பழைய செய்தித்தாள்களை ஸ்கேன் செய்யும் அறையில் அவள் தங்கை வேலை பார்த்தாள். ஸ்கூட்டர் விபத்துக்குப் பிறகு கைத்தடி இல்லாமல் அவளால் நடக்க முடியாது. மேற்குப் படிக்கட்டு அவள் அறை வாசலிலேயே தொடங்கி, கட்டடத்துக்குப் பின்னால் இறங்குகிறது. புத்தகங்கள் அந்த வழியாகத்தான் காணாமல் போகின்றன என்று யாரோ கிளப்பிவிட, கீழ்க் கதவைப் பூட்டிவிட்டார்கள். ஏதாவது நடந்தால் தங்கை தடியை ஊன்றிக்கொண்டு நீளமான கூடத்தைக் கடந்து, எல்லோரும் முண்டியடிக்கும் நடுப் படிக்கட்டுக்குத்தான் வர வேண்டும். அதற்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கம்மா கணக்குப் போட்டிருந்தாள். போட்ட நாளிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

"கதவைத் திறக்கச் சொல்றதுல எனக்கு ஆட்சேபணை இல்லைங்க," என்றார் பொறியாளர். "ஆனா உங்க சமன்பாடு எங்க படிக்கட்டு அளவோட இன்னும் ஒத்துப்போகலையே. அது சரிபார்க்கப்படாத கோட்பாடுதானே?"

"கதவு இருந்தும் ஜனங்க ஏன் அந்தப் பக்கம் போறதில்லைங்கிறதை முதல்ல புரிஞ்சுக்கணும்," என்றார் உளவியல்காரர்.

"பூட்டியிருக்கு சார். அதான் போறதில்லை."

"அது மேலோட்டமான காரணம்."

கணக்கம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒருங்கிணைப்பாளர் இதமாகச் சிரித்தார். "உங்க பரிந்துரை நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் எளிமையா இருக்கேன்னுதான் பார்க்கிறேன். மூணு துறை சேர்ந்து இவ்வளவு காலம் ஆராய்ச்சி பண்ணிட்டு, கடைசியில கதவைத் திறங்கன்னா, பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. சுவரில் இருந்த சிவப்பு விளக்கும் சுழல ஆரம்பித்தது. தீ எச்சரிக்கை மணி.

நான்கு பேரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் கூத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று துறைக்கும் சோதனை தேவை. கணிதத்துக்கு வாசலில் கூட்டத்தின் வேகம் வேண்டும், உளவியலுக்குத் தயக்கம் வேண்டும், பொறியியலுக்குப் படியிறங்கும் நேரம் வேண்டும். ஆளாளுக்குத் தனித்தனியாக அனுமதி வாங்கி, முன்னறிவிப்பு இல்லாமல் இந்த நூலகத்தில் மணி அடித்தார்கள். முன்னாடியே சொன்னால் சோதனை கெட்டுவிடும் என்பதால் அடுத்த துறைக்கும் சொல்வதில்லை. கேட்டாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது விதி. கோட்பாட்டளவில் இணைந்த மூன்று துறைகள், ஒரே மணியை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தன.

முதலில் நூலகத்தில் எல்லோரும் ஓடினார்கள். பிறகு நடந்தார்கள். ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் கீழே டீயும் பிஸ்கெட்டும் கொடுத்து, 'உங்கள் பயம் எவ்வளவு? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அதனால் சிலர் பிஸ்கெட்டுக்காக இறங்கினார்கள். பிஸ்கெட்டும் அலுத்த பிறகு அதுவும் நின்றது.

"உங்களோடதா?" என்று பொறியாளர் உளவியல்காரரைக் கேட்டார்.

"இல்லையே. உங்களோடதுன்னு நினைச்சேன்."

"நீங்க இல்லைன்னுதானே சொல்லுவீங்க?" என்று பொறியாளர் கண்ணைச் சிமிட்டினார். உளவியல்காரரும் சிரித்தார். இரண்டு பேரும் கணக்கம்மாவைப் பார்த்தார்கள்.

"என்னோடது இல்லை," என்றாள் அவள்.

"சரி சரி," என்றார் ஒருங்கிணைப்பாளர். "யாரோடதா இருந்தாலும் அது பாட்டுக்கு நடக்கட்டும். நாம முன்னுரையைப் பார்ப்போம்."

அவள் எழுந்து கதவைத் திறந்தாள். கூடத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். நடுப் படிக்கட்டின் கீழிருந்து புகை மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது. "நெருப்பு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். உளவியல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அவரை அங்கேயே உதைக்கலாம் போல இருந்தது. அதற்கு நேரமில்லாமல் மேலே ஓடினாள்.

மூன்றாவது மாடியில் தங்கை ஸ்கேனரின் மூடியைத் திறந்து, பழுப்பேறிய தாள் ஒன்றைப் பதமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறையில் வேறு யாரும் இல்லை. மணி காதைக் கிழித்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வந்துட்டியா? எனக்கு இன்னைக்குக் கால் ரொம்ப வலிக்குதுக்கா. இறங்கல. பயம் ரெண்டுன்னு நீயே போட்டுக்கோ."

"எழுந்திரிடி! இது நிஜம்!"

தங்கை சிரித்தாள். "போன தடவையும் இதைத்தானே சொன்னே?"

கணக்கம்மா சொன்னாள்தான். 'இது நிஜம்' என்று ஒருவர் வாயால் சொன்னால் கூட்டத்தின் வேகம் எவ்வளவு கூடும் என்பது அவளுடைய சோதனை. அதற்கு நம்பிக்கையான குரல் தேவைப்பட்டது. தங்கைக்கு அக்காவின் குரலைவிட நம்பிக்கையான குரல் எது? அன்றைக்கு இந்தப் பெண் தடியையும் மறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கினாள். கீழே போனால் டீ. வேகம் கூடியிருந்தது, அந்த எண்ணை வைத்து ஒரு கட்டுரை வந்தது, நல்ல பெயரும் வந்தது. இப்போது சொல்வதற்கு அவளிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை.

"அம்மா மேல சத்தியமா சொல்றேன்டி," என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்து, பொலபொலவென்று அழுதுவிட்டாள். ஆத்திரம், பயம், வெட்கம் எல்லாம் சேர்ந்து வந்த அழுகை.

தங்கை கையிலிருந்த தாளைப் போட்டுவிட்டு அவளையே பார்த்தாள். அக்கா அழுது அவள் பார்த்ததே இல்லை. "ஐயோ, என்னக்கா இது," என்று தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேற்குப் படிக்கட்டில் புகையே இல்லை. இறங்கி என்ன செய்வது? கீழே பூட்டு. கணக்கம்மா சன்னலைத் திறந்து, வெளியே நின்றுகொண்டிருந்த நூலகக் கண்காணிப்பாளரைப் பார்த்து, "பின்கதவைத் திறங்க! பின்கதவு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மணிச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்டதோ, கையை உயர்த்தி ஆட்டினார். பக்கத்தில் நின்றவர்களும் ஆட்டினார்கள்.

வேறு வழியில்லை. துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்துத் தங்கையின் மூக்கைச் சுற்றிக் கட்டி, தோளில் தாங்கிக்கொண்டு நடுப் படிக்கட்டுக்கு வந்தாள். புகை இப்போது தடித்திருந்தது. ஒரு படிக்கு ஒரு மூச்சு. தங்கை இருமினாள். கீழ் வளைவுக்கு வந்தபோது அவளுக்குக் கால் மடங்கியது. "நீ போக்கா, நான் மெதுவா வரேன்," என்றாள். "வாயை மூடிக்கிட்டு வா," என்று திட்டி, அவளை முதுகில் சாய்த்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து புல்லில் விழுந்தாள். தடி உள்ளேயே எங்கோ போய்விட்டது.

நடுப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த மின்பலகை எரிந்திருக்கிறது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். தங்கையை ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூட்ட அறைக்காரர்கள் புகை மூக்கில் ஏறிய பிறகுதான் ஓடிவந்தார்களாம். மூன்று பேருக்கும் கண் சிவந்திருந்தது.

உளவியல்காரர் இருமிக்கொண்டே பக்கத்தில் வந்தார். "தப்பா நினைக்காதீங்க. உண்மையான தீயில மாடியில இருந்த யாருமே எழுந்திரிக்கலைங்கிறது ரொம்ப அபூர்வமான தரவு. உங்க தங்கைகிட்ட, சௌகரியப்படும்போது, ஒரு பேட்டி..."

கணக்கம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் மீதியை விழுங்கிக்கொண்டார்.

அடுத்த வாரக் கூட்டத்தில் அவள் உட்காரவே இல்லை. "இனிமே இங்க சோதனைக்கு மணி அடிக்கக் கூடாது. யாரும். மணி அடிச்சா நெருப்புன்னு அர்த்தம், அவ்வளவுதான். புலி வருது கதையை நாமளே மூணு துறையா பிரிஞ்சு நடத்திக் காட்டியாச்சு, போதும்."

"நியாயம்தான்," என்றார் பொறியாளர். "ஆனா நிறுத்தினா ஜனங்க மறுபடி மணியை நம்ப ஆரம்பிக்கிறாங்களா இல்லையான்னு தெரியணுமே. அதுக்கு ஒரு தடவை அடிச்சுப் பார்த்தாத்தானே?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் தலையாட்டியபடி அதைக் குறித்துக்கொண்டார். இவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது ஆகாத காரியம் என்று அப்போதே தெரிந்துபோயிற்று. புத்தியுள்ளவர்கள், கெட்டவர்களும் இல்லை. மணிக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு தாளை வைக்காமல் அவர்களால் எதையும் பார்க்க முடியாது. அவளும் நேற்றுவரை அந்த ரகம்தானே.

அன்று மாலையே கணிதத் துறையின் பங்கு முழுவதையும் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தாள். சமன்பாடுகள், அளவுகள், தங்கையை ஏமாற்றி வாங்கிய அந்த எண் உட்பட எல்லாம். மூன்று துறை இருந்தால்தான் திட்டம். ஒன்று விலகினால் திட்டமும் அதன் பேரில் வாங்கிய மணி அனுமதிகளும் தானாகவே ரத்து. இத்தனை வருட உழைப்பில் பாதி மண்ணாய்ப் போயிற்று. துறைத் தலைவர் கூப்பிட்டு, "உங்களுக்குப் பைத்தியமா?" என்று கேட்டார். இருக்கலாம் சார் என்று சொல்லிவிட்டு வந்தாள். மணி ஓய்ந்தது. அந்த மட்டில் ஒரு நிம்மதி.

தங்கை புதுத் தடியோடு வேலைக்குத் திரும்பிய நாளில், கணக்கம்மா நூலகக் கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனாள். அவர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"அந்த மேற்குக் கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கு," என்றாள்.

"எனக்கும் மனசே கேக்கலைங்கம்மா. அன்னைக்கு நீங்க கத்தினப்ப, டாட்டா காட்டுறீங்கன்னு நினைச்சுட்டேன்." அவர் தயங்கினார். "உங்க அறிக்கை வரும், அதுல திறக்கச் சொல்லியிருக்கும், உடனே திறந்துடலாம்னுதான் மேலிடத்துலயும் காத்திருந்தாங்க. நீங்க திட்டத்தையே நிறுத்திட்டீங்களே. பரிந்துரையே இல்லாம எப்படித் திறக்கிறது?"

கணக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இவள் ஏறியதும் சறுக்கியதும் ஒரே கையெழுத்தில்.

"கதவைத் திறக்கச் சாவி போதும்ங்க," என்றாள்.

"சாவி இருக்கும்மா. உத்தரவுதான் இல்லை."

அவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. மேலே மூன்றாவது மாடியில் தங்கை இந்நேரம் ஸ்கேனரைத் திறந்து உட்கார்ந்திருப்பாள். இனி மணி அடித்தால் நம்புவாள். நம்பி எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு, அதே நீளமான கூடத்தில்தான் நடக்க வேண்டும்.

கணக்கம்மா வாதாடவில்லை. கையை நீட்டினாள். கண்காணிப்பாளர் அந்தக் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், "அம்மா, என் வேலை போயிடும்மா," என்றார்.

"தெரியும்," என்றாள் அவள், கையை எடுக்காமல்.